முனை பிய்க்காத அப்பம்

டிசம்பர் 8, சுவாவ்கி

இன்று வாசலில் நான் தள்ளிய பனியைக் குவித்திருந்தால் ஆல்ப்ஸ் மலைக்கு ஒரு தம்பி பிறந்திருப்பான். உள்ளே வந்ததும் கேனியா அக்கா படுக்கையிலிருந்து கேட்டாள்: "அலோய்சி, அப்பம் வாங்கினியா?"

கோவிலில் தரும் கிறிஸ்துமஸ் அப்பம், காகிதம்போல மெல்லியது. நார்வேயில் இருக்கும் அவள் மகள் டோரோட்டாவுக்கு ஒன்று, அயர்லாந்தில் இருக்கும் மகன் இரெக்குக்கு ஒன்று. வருஷாவருஷம் அக்கா ஒரு முனையைப் பிய்த்துத் தின்றுவிட்டு மீதியை உறையில் வைத்து அனுப்புவாள். இருபத்துநாலாம் தேதி மாலை அவர்கள் அங்கே தின்பார்கள். எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிட்டதாக அர்த்தம்.

இந்த வருஷம் அவளால் விழுங்க முடியவில்லை. அப்பத்தை என் பக்கம் தள்ளினாள். "நீயே பிச்சுத் தின்னுடா. அதுங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?"

"உண்மையைச் சொல்லிடவா?"

"சொல்லிப் பாரு. உன் நாக்கை அறுத்து சூப் வெச்சிருவேன்."

புத்தாண்டைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

டிசம்பர் 9

நாக்கு போனால் போகட்டும் என்று இரெக்குக்குப் போன் செய்தேன். சிரித்தான். "மாமா, ரெண்டு வருஷம் முன்னாடி கடைசி மூச்சுன்னீங்க. கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு ஓடி வந்தேன். அம்மா விறகு வெட்டிக்கிட்டு இருந்தாங்க."

டோரோட்டாவோ, "ஓநாய்ங்களையும் கேட்டதாச் சொல்லுங்க மாமா" என்று போனை வைத்துவிட்டாள்.

ஓநாய்க்கூட்டம் வீட்டைச் சூழ்ந்தது சென்ற வருஷம். கூரை இடிந்தது அதற்கெல்லாம் முன்பு. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளை வரவழைக்க ஒரு மாமன் வேறு என்னதான் செய்வான்?

டிசம்பர் 10

தபால் நிலையம். முனையைப் பிய்க்கவில்லை. இரண்டையும் முழுசாக வைத்து ஒட்டினேன். அக்காவிடம், தின்றுவிட்டேன் என்றேன்.

டிசம்பர் 15

மூன்று ஸ்பூன் சூப். அவ்வளவுதான்.

டிசம்பர் 19

டோரோட்டா கூப்பிட்டாள்.

"மாமா, அப்பம் முழுசா இருக்கு."

"ஆமா."

"அம்மா ஏன் பிய்க்கலை?"

அறுபத்தொன்பது வருஷமாக ஓயாத என் வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. போனின் மறுபக்கம் அவள் அழுதாள். பிறகு, "வர்றேன்" என்றாள்.

டிசம்பர் 22

வந்துவிட்டாள். அக்கா என்னைப் பார்த்து "துரோகி" என்றாள். மகளின் கையை மட்டும் விடவில்லை.

இரெக்கின் உறை இன்னும் போய்ச் சேரவில்லை. டோரோட்டா தம்பிக்குப் போன் செய்ததற்கு, "உன்னையும் நாடகத்துல சேத்துக்கிட்டாரா?" என்றானாம். அழுகையைக் கேட்ட பிறகுதான் நம்பினான். நாளை மறுநாள் விமானம்.

டிசம்பர் 24

காலையிலிருந்து பனி. சாதாரணமாக நான் சொல்வதைவிட அதிகம் கொட்டுகிறது. கிறிஸ்துமஸ் வழக்கப்படி மேஜையில் வைக்கோல் பரப்பி வெள்ளைத் துணி விரித்தேன். பீட்ரூட் சூப்புக்குப் போடக் காளான் கொழுக்கட்டை பிடித்தேன். டோரோட்டா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "இது சாப்பிடவா, வீடு கட்டவா மாமா?" மூவரும் சிரித்தோம். அக்காவின் சிரிப்பு மூச்சாக மட்டும் வந்தது.

இரெக் வார்சா வந்து சேர்ந்தான். வடக்கே ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சாலையை அடைத்துவிட்டார்கள்.

முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் சாப்பிட உட்கார வேண்டும். எங்கே தெரிய? வானமே இல்லை.

"இரெக் எங்க வந்துட்டான்?"

"வார்சாவைத் தாண்டிட்டான்க்கா."

தாண்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். பாதி வழி வந்துவிட்டான் என்றேன். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை.

டிசம்பர் 25

மத்தியானம் இரெக் வந்தான். பால் வண்டியில் ஏறி வந்திருக்கிறான். எதிரே போய் நின்றேன் — என்னைத் தாண்டி உள்ளே ஓடினான்.

டிசம்பர் 28

நேற்று அடக்கம். நிலம் இறுகிப்போய்த் தோண்டுவதற்குள் ஆட்கள் திணறிவிட்டார்கள்.

இன்று சமையலறையில் இரெக் என் எதிரே வந்து உட்கார்ந்தான். "மாமா, அன்னைக்கு சாயங்காலம் அம்மா எப்படி இருந்தாங்க?"

இரண்டு தட்டு மீன் சாப்பிட்டாள் என்றேன். என் கொழுக்கட்டையைத் திட்டினாள், பாடினாள், நீ வாசலில் பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டதாகச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள் என்றேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த டோரோட்டா திரும்பவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாமா."

சொன்னேன். மீனில் ஒரு தட்டுகூடக் கூட்டிச் சொல்லவில்லை.