தோணித்துறைச் சாலை மருதங்களை வெட்டற்க என்ற ஓலை

மாரி பிழையாத பொருகரை நாட்டில் கோல் கோடாது வீற்றிருந்தருளும் அரசியார் பொலன்தொடியாரின் திருவாய்மொழிப்படி, முதலமைச்சர் நெய்தலங்கோ எழுதுவது. வடகரைப் பாசறையில் யானைப்படை காத்து நிற்கும் தளநாயகர் கோளரையர் காண்க. நும் வீரரும் களிறுகளும் நோயின்றி வாழ்க; நும் பாசறைக் கிணறு வற்றாதிருக்க.

தோணித்துறைச் சாலையின் மருத மரங்கள் பதினேழையும் ஆவணி முழுநிலவுக்குள் வெட்டிப் படகுப் பலகையாக்குக என்று முன்னர் நாம் விடுத்த ஆணை இவ்வோலையால் நீங்கிற்று. கோடரிக்காரரை இன்றே திரும்ப அழைத்துக்கொள்க. காரணமும் கேட்பீராக.

பங்குனியில் நும் யானைகள் பத்து நாள் அங்கே தங்கியபோது, பாகர் சங்கிலிகளை அம்மரங்களிலேயே பிணித்தனர். யானை அசையுந்தோறும் இரும்பு பட்டையை அரைத்தது. சாலைமரக் காவலன் அழிசி வந்து கண்டபோது, அடிமரங்கள் தோலுரிந்து வெளுத்து நின்றன. ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தான். பட்டை முழுவட்டமாக அறுபட்டால் மரம் பிழைக்காது; எதிலும் அவ்வாறு அறுபடவில்லை என்று கண்டபின்னரே அவனுக்கு மூச்சு வந்தது.

அன்றே உரிந்து ஈரம் காயாதிருந்த பட்டைகளை அழுத்திப் பொருத்தி, நனைந்த துணி சுற்றி, நார்க்கயிற்றால் கட்டினான். முன்னரே காய்ந்து தொங்கியவற்றைக் கூர்ங்கத்தியால் ஓரம் சீராக நறுக்கினான். அடியில் குவிந்திருந்த மண்ணையும் யானை லத்தியையும் அள்ளினான். சில கிழமை சென்று, கட்டே மரத்தை நெரிக்கக் கூடாதென்று கயிறுகளை அவிழ்த்தான்.

தார் பூசுமாறு நும் பாசறையோர் அவனிடம் வற்புறுத்தினர். அவனோ, "மூடி வச்சா உள்ளே ஈரம் தங்கி அழுகிப்போகும். காத்து படட்டும், மரம் தன்னாலே மூடிக்கும்" என்று மறுத்தான். புண்ணைத் திறந்துபோட்டுச் சும்மா இருக்கிறான் என்று நீர் எமக்கு எழுதினீர். சித்திரை வெயிலில் இலைகளும் உதிரவே, யாமும் நம்பினோம். மரங்களுக்குக் கோடரியும் அவனுக்குப் பதவி நீக்கமும் விதித்தோம். தவறு எம்முடையது.

ஆணை கேட்ட அன்று அழிசி சோறு உண்ணவில்லையாம். ஆயினும் மறுநாள் விடியலில் தோளில் நீர்க்குடத்தோடு வந்து நின்றான். வெட்டப்போகும் மரத்துக்கு நீர் எதற்கென்று கோடரிக்காரர் நகைத்தனர். "வெட்டுற நாள் வரைக்கும் அது தாகத்தோடவா நிக்கணும்?" என்றானாம். அவர்களே இதனை எமக்குச் சொல்லி, கண்ணால் காண வருமாறு வேண்டினர்.

நேற்று முன்தினம் சென்று கண்டோம். பதினாறு மரங்களில் காயத்தின் விளிம்பெல்லாம் புதுப்பட்டை உதடுபோல் திரண்டு மூடி வருகிறது, கிளைதோறும் தளிர். எம் நெஞ்சிலிருந்து மலை இறங்கிற்று. துறையோரத்து மரம் ஒன்றே பட்டுப்போனது. அது வழிப்போக்கர்மேல் விழுமென்று, அதனை வெட்டுமாறு அழிசியே கேட்டுக்கொண்டான்; அது ஒன்றுக்கு மட்டும் இசைந்தோம்.

ஆதலின் அறிக: இனி எந்த மரத்திலும் சங்கிலியோ கயிறோ பிணிக்கலாகாது, ஆணியும் அறையலாகாது. யானை கட்டக் கற்றூண்கள் மரத்துக்குப் பன்னிரு முழம் தள்ளி நடப்படுக. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வேலி அமைக்க நும் வீரர் நாற்பதின்மரை அழிசியின் சொல்லுக்குள் நிறுத்துக. அவன் பதவி அவனுக்கே.

இவ்வாணையை மரத்தடியில் எம் வாயாலேயே அவனுக்கு அறிவித்தோம். ஊர் முழுதும் நெருக்கி நின்று ஆர்த்தது. அவன் கண்கள் நிறைந்தன. "ஐயா, எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வேர் நசுங்குது" என்றான். யாம் உட்பட அனைவரும் விலகி நின்றோம்.

அரசியாரின் அன்னமுத்திரை இட்டு விடுத்தோம். நீரும் அவ்வண்ணமே விலகி நிற்க.