பூப்புகையிலை

ரொட்டர்டாம்
12.01.1995

அன்பின் றபீக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். எஞ்சின் பழுதாகி, கப்பல் இந்தத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. வேலையில்லாத மனிதனுக்கு ஊர் சுற்றுவதுதானே வேலை. ஒரு சந்துக்குள் புகையிலைக் கடை ஒன்று கண்டேன். சொந்தக்காரி ஹெல்மா என்ற வயதான அம்மா. சுங்கானில் அடைத்துப் புகைக்கிற புகையிலைக்கு அவர் பூவின் மணம் ஏற்றுகிறார். கதவைத் திறந்தால் பனிக்குள் ஒரு பூந்தோட்டம்.

நானும் ஒரு சுங்கான் வாங்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம். எந்தக் கலவை நல்லது என்றுதான் விளங்கவில்லை. எனக்கு எல்லாம் ஒரே பூ. தெருவில் நடந்துகொண்டே எந்த வீட்டில் என்ன ஆணம் கொதிக்கிறது என்று சொல்கிறவள் நீ. லீவில் வருகிற நிந்தவூர் பக்கீர் காக்காவிடம் மூன்று தகரப் பேணியில் மூன்று கலவை கொடுத்துவிட்டிருக்கிறேன். மணந்து பார்த்து எழுது.

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் தங்கச்சி கமீலாவுக்கும் என் சலாம்.

உன் நினைவோடு,
அஸ்ஹர்

*

கல்முனைக்குடி
03.04.1995

அன்புள்ள மச்சான்,

வஅலைக்கும் ஸலாம். பக்கீர் காக்கா பார்சலோடு வந்தபோது தெருவே எட்டிப் பார்த்தது. உள்ளே புடவை இருக்கும் என்று நினைத்த கமீலாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சரி, கேட்டதற்குப் பதில். சிவப்புப் பேணியைத் திறந்ததும் உம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, “ஆருடி மவுத்து? பன்னீர் மணக்குது!” என்றா. அதில் ரோசா கூடிப்போயிற்று. மையித்து கிடக்கிற சாவு வீட்டு ரோசா. நீலப் பேணி வடிவான மணம்தான், ஆனால் சவர்க்காரம். குளிக்கலாம், புகைக்கேலாது. பச்சைப் பேணியில் பூ உடனே வராது. முதலில் தோடம்பழத் தோல். பிறகு, இறக்காமத்து வயலில் சூடடித்த அன்றைக்கு வெயிலில் காய்கிற வைக்கோல். மூக்கை எடுத்த பிறகுதான் பூ வருகிறது, கொண்டையில் பூ வைத்த ஒருத்தி நம்மைக் கடந்து போய்விட்ட மாதிரி. அதைப் புகையுங்கள்.

இந்தப் பெருநாளும் நீங்கள் இல்லாமல் போயிற்று. இதோடு மூன்று. வாப்பா, “மாப்புள எப்ப வாறாராம்? பொயிலதான் வருமா?” என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?

சொல்லத் தெரியாத,
றபீக்கா

*

ரொட்டர்டாம்
20.06.1995

அன்பின் றபீக்கா,

உன் கடிதத்தை என் ஓட்டை இங்கிலீசில் ஹெல்மா அம்மாவுக்குச் சொன்னேன். மையித்து வீடு என்றதும் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. வைக்கோல் வந்ததும் சிரிப்பு நின்றது. அந்த மணம் தருகிற ஒரு கொட்டையை அரைத்துப் போடுவது அவருக்கு மட்டும்தான் தெரியுமாம். “யார் இந்தப் பெண்?” என்று கேட்டார். “என் மனைவி” என்றேன். அப்படிச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று!

இன்னொன்று. கப்பல் போய்விட்டது. நான் போகவில்லை. கடையின் பின்னறையில் புகையிலை கலக்கிற வேலை கிடைத்திருக்கிறது. உனக்கு ஆத்திரம் வரும் என்றுதான் கடைசியில் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி ரோசாவைக் குறைத்து இரண்டு விதமாகக் கலந்திருக்கிறேன். இரண்டையும் அனுப்புகிறேன். வாப்பாவுக்கு ஒரு சுங்கானும்.

அஸ்ஹர்

*

கல்முனைக்குடி
11.09.1995

மச்சான்,

கப்பல் போனதைப் பேணியில் ஒட்டுகிற சீட்டு மாதிரி இரண்டே சொல்லில் எழுதுகிறீர்களே! இரண்டு பேணியையும் அலுமாரிக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஆனால் சேலை எடுக்கப் போகும்போதெல்லாம் அவை என்னைக் கூப்பிட்டன.

எல்லாரும் கலியாண வீட்டுக்குப் போன ஒரு பின்னேரம், வாப்பா தொடாமல் வைத்திருந்த சுங்கானை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் குந்திப் பற்றவைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். முதல் இழுவையில் கண் இருண்டது. பிறகு கொஞ்சமாக இழுத்து, புகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேணிக்குள் இருக்கிற மணம் வேறு, எரிகிற மணம் வேறு. முதல் கலவையில் நெருப்புப் பட்டதும் ரோசா கசந்துவிட்டது. இரண்டாவதில் ரோசா எரியவே இல்லை. புகை தென்னைகளுக்கு நடுவால் மெதுவாக ஏற, அது மட்டும் இறங்கி என் மடியில் வந்து இருந்தது. அந்நேரம் கடற்காற்று வந்தது. உப்பும் ரோசாவும் கலந்து வேறொரு பூ ஆனது. எந்த மரத்திலும் பூக்காத பூ. அதை மணந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது.

பார்த்தால் உம்மா நிற்கிறா. “ஊட்டுக்கு ஆராவது ஆம்பிள வந்த?”

“இல்ல உம்மா. நாந்தான் குடிச்ச.”

உம்மா கிட்ட வந்து மூக்கை உறிஞ்சினா. “மணம் நல்லாத்தான் இரிக்கி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

இரண்டாவதுதான் நல்லது. வாப்பா விவாகரத்துக் கேட்டுக் காதியாரிடம் போகப் போகிறாராம். “இப்பிடிப் பொம்புளப் புள்ளய உட்டு வெக்கேலா” என்கிறார். இதையும் கடைசியில்தான் எழுதுகிறேன்.

றபீக்கா

*

ரொட்டர்டாம்
30.11.1995

அன்பின் றபீக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். அந்த இரண்டாவது கலவையை இங்கே கேட்டு வாங்குகிறார்கள். எனக்குத் தங்க அனுமதி கிடைத்துவிட்டது. உன் விசாவுக்கும் ஹெல்மா அம்மா கடிதம் தருவார். கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னலுக்குக் கீழே தண்ணீர், அதில் படகுகள். உப்பும் ரோசாவும் சேர்த்து நானே கலந்து பார்த்தேன், பேணி நாறிப்போனது. நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் சரிவரவில்லை.

நீ இருப்பது உன் உம்மா உனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீடு. அந்த வீட்டுச் சோறு தின்ற மாப்பிள்ளை நான். அதை விட்டுவிட்டு வா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். வருவாயா?

காத்திருக்கும்,
அஸ்ஹர்

*

கல்முனைக்குடி
05.03.1996

அன்புள்ள மச்சான்,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. நோன்பும் பெருநாளும் இதே கதையாகப் போயிற்று. உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டிய பிறகு வாப்பா காதியார் பேச்சை விட்டுவிட்டார். பிறகு, “ஊட்ட உட்டுட்டுப் போனா, திரும்பி வந்து எங்கடி இரிப்பாய்?” என்று கேட்டார். “தெரியா வாப்பா” என்றேன். உண்மையாகவே தெரியாது.

வீட்டைக் கமீலாவின் பேருக்கு எழுதிவிட்டேன். அவளுக்கும் கலியாணம் பேசுகிறார்கள். வீடு இல்லாத பெண்ணுக்கு நம் ஊரில் யார் மாப்பிள்ளையாக வருவார்? கையெழுத்து வைக்கும்போது அவள்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் கை வைத்தபோதுதான் வந்தது.

நான் வருகிறேன், மச்சான். உங்களுக்காக மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆணத்தில் புளி கூடிப்போனதைச் சொல்லத்தான் எனக்கு மூக்கு என்று இத்தனை காலம் இருந்தேன். அது அதற்கு மட்டும் இல்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது நம் ஊர் வழக்கம். இந்த முறை நான்தான் மாப்பிள்ளை. மரியாதையாக வரவேற்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் அறைக்குள் வந்ததும் எந்தப் பேணியையும் திறக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். அந்த ஊர் என்ன மணம் என்று முதலில் நான் பார்க்க வேண்டும்.

றபீக்கா