குண்டூசி அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்தே உட்காராதே.

கவலைப்பட ஒன்றுமில்லை, நீ சிரிக்கத்தான் எழுதுகிறேன். கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் நேரம் இது. உயர்நிலை மொழி வகுப்பில் ஒருத்தருக்குத்தான் டீச்சர் சிபாரிசுக் கடிதம் தருவார். அதை யாருக்குத் தருவதென்று பார்க்க, பக்கத்தில் இருப்பவரின் அம்மாவைப் பற்றி இந்த ஊர் மொழியில் எழுதச் சொன்னார். எனக்கு ஜோடி, என் அறைத்தோழி சோடாபுட்டி.

அவள் அம்மாவை, "நல்லவர், கடுமையாக உழைப்பவர்" என்று எழுதினேன். அதற்கே அகராதியைப் புரட்டிப் பாதி உயிர் போனது. "இது யார் அம்மாவுக்கும் பொருந்துமேம்மா" என்றார் டீச்சர்.

அவள் உன்னை எழுதியிருந்தாள். உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு நீ "ம்ம்ம்" என்றே திட்டுவாய், அது எனக்கு மட்டும்தான் புரியும் என்று நான் எப்போதோ சொன்னதை வைத்து. வகுப்பே சிரித்தது, பிறகு கைதட்டியது. சிபாரிசு அவளுக்குத்தான். எனக்கு வயிறு எரிந்தது. அம்மா என்னுடையவள், கைதட்டல் அவளுக்கா?

"உங்கம்மாதான்டி ஜெயிச்சாங்க" என்கிறாள். அதுதான் இன்னும் எரிகிறது.

என் பச்சைச் சட்டையில் பொத்தான் விழுந்துவிட்டது. இரண்டு அனுப்பு, நூலும் வை. இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் நீ அனுப்பு.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. போனில் பேசும்போது அவளை விசாரிக்காதே. வாயில் ஊசியை வைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை திட்டு.

உன் மகள்