பாலைவன வெயிலும் அம்பூரி ரப்பர் விளையும்

மே 24, சனி

ராஜஸ்தானிலிருந்து லீவில் வந்திருக்கிறேன். விடியும் முன்பே மழை. அம்பூரி விளையில், எங்கள் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு வெட்டு நனையாமல் காக்கும் மழை பிளாஸ்டிக் இன்னும் கட்டவில்லை. பால் வெட்ட ஆளும் இல்லை. அண்ணனுக்கு முட்டுவலி, மலை ஏற முடியாது.

மத்தியானம் விஷயம் வெளியே வந்தது. விளையை விற்று ராஜஸ்தானில் சோலாருக்கு நிலம் வாங்கப் போகிறானாம். விளையில் பாதி என் பேரில். என் கையெழுத்து வேண்டும்.

"நீ அங்க சோலார் பிளாண்டில தானே வேல பாக்க, மக்கா. வெயிலுக்குப் பஞ்சம் உண்டா?"

இல்லை என்றேன். வெயிலுக்கு இல்லை.

குடைக் கம்பி ஒடிந்துவிட்டது. குளத்தூரில் கொடுத்துச் சரியாக்கணும்.

மே 25, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலிலேயே புரோக்கர். நெய்யாற்றின்கரைக்காரன். போனில் நீலப் பேனல் படங்கள். நிலம் வாங்கிப் போட்டால் போதும், கம்பெனி குத்தகைக்கு எடுக்கும், மாதாமாதம் வாடகை.

"பக்கத்துல சப்ஸ்டேஷன் உண்டா? கரண்ட் போக லைன்ல இடம் கிடைச்சாச்சா?"

"அதொக்கெ கம்பெனி நோக்கும், சேச்சி." எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம்.

"எந்தக் கம்பெனி?"

"வரும்."

வீட்டு வாசலில் அண்ணன்: "எனக்கு ஒண்ணு அமையுறது உனக்குக் கண்டுகூடா, அப்பிடித்தானே?"

பாலைவனத்தில் சோலார் கட்டுபடியாகாது என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் பிளாண்ட் லாபத்தில்தான் ஓடுகிறது. முதலில் லைன், மின்சாரம் வாங்க ஆள், பிறகுதான் பேனல். லைன் வராத இடம் வெறும் மணல். இதை அவனிடம் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

மே 27, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. அண்ணன் என்னோடு பேச்சில்லை, எல்லாம் அவன் மனைவி, மைனி வழி. "சாயா வேணுமான்னு அவகிட்ட கேளு."

உச்சிவேளையில் வீடியோ கால். பிளாண்டில் எனக்குப் பதிலாக ஷிப்ட் பார்க்கும் பன்வாரி. லைன் நிறைந்துவிட்டதாம், பாதி பிளாண்டை நிறுத்த உத்தரவாம். எங்களுக்குப் பழக்கம். போனை அண்ணன் பக்கம் திருப்பினேன். கண் கூசும் வெயில், வரிசையாகப் பேனல்கள். அவற்றைக் கழுவ வந்தவர்கள் தண்ணீர் லாரி நிழலில்.

"ஏன் சும்மா இருக்காங்க?" மைனியிடம் கேட்டான்.

நானே சொன்னேன். "லைன்ல இடமில்ல. ஓட்டக் கூடாதுன்னு சொல்லியாச்சு."

"இவ்வளவு வெயிலும் வெறுதேயா?"

"இப்போதைக்கு வெறுதே."

"கம்பெனிக்காரன் தாங்குவான். நம்மளால ஒக்குமா?" என்றாள் மைனி.

அவன் எழுந்து போய்விட்டான்.

மே 29, வியாழன்

பிளாஸ்டிக் கட்ட ஆரியங்கோட்டு ஆட்கள் வரவில்லை. அண்ணன் போனில், புரோக்கரிடம்: "லைன் கிடைச்சதுக்கு பேப்பர் காட்டு, பிறகு பேசலாம்... வேற ஆளு எடுத்தா எடுக்கட்டு. எனக்கு வேண்டாம்."

நிம்மதி. ஆனால் விளையை என்ன செய்வது? எனக்கும் தெரியவில்லை.

மே 31, சனி

லீவு முடிந்தது. பாறசாலை ஸ்டேஷன், தூறல். திருவனந்தபுரம் போய் வண்டி மாறணும். அண்ணன் என் பெட்டியை ஏற்றினான். பிறகு ஒரு பை. பிறகு அவனே ஏறிவிட்டான்.

"எங்க?"

"பணமொண்ணும் போடல்ல. அந்த மணல நேரில ஒண்ணு பாக்கணும், அவ்வளவாக்கும்."

டிக்கெட் மைனி எடுத்துக் கொடுத்தாளாம். இரண்டு பேரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நெய்யாற்றின்கரை தாண்டியதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே:

"மக்கா, அங்க மீன் கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்ப சட்டுனு திரும்பிருவேன், கேட்டியா."