பெரட்டுக்களத்துக்கு மேலே ஒரு வெடிப்பு

மே 19, திங்கள்

மண்சரிவு ஆபிஸ் பிள்ளை அனோஜா, எங்கள் லயத்து வீட்டு வரிசை வாசலில் மழை அளக்கிற போத்தல் ஒன்றை நட்டுவிட்டுப் போனாள். தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டுமாம். என் மகன் சுதாகரன் என்னைக் காட்டினான். "அம்மா மூணாவதுதான் படிச்சிச்சு. ஆனா இருபது வருசத்துக்கு முந்தி யாரு என்ன பேசினாங்கன்னு கேட்டுப் பாருங்க, ஒரு சொல்லு விடாம ஒப்பிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

எழுதுவதற்கு அவள் தந்த கொப்பி தடிமனாக இருக்கிறது. மழைக்குப் பக்கத்தில் ஒரு வரி போதும். மீதியில் என் பாட்டுக்கு எழுதிக்கொள்வேன்.

மே 20

பதினொரு மில்லிமீட்டர்.

மே 22, வியாழன்

நான்கு. போத்தலில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் யாரும் வீட்டில் இருக்கக் கூடாது. அனோஜா போனில் பேசியபோது, "மலைக்கு அந்தக் கோடு தெரியுமா பிள்ளை?" என்று கேட்டேன்.

"தெரியாது பாட்டி. அதனால வெடிப்பு, ஊத்துல சேத்துத்தண்ணி, சாஞ்ச மரம், இதெல்லாமும் பாத்துச் சொல்லணும்."

நாற்பது வருசம் இந்த மலையில் கொழுந்து பறித்தேன். மலையைப் பார்த்தேனா? இலையைத்தான் பார்த்தேன்.

மே 25, ஞாயிறு

நாலாம் நம்பர் மலைக்கு ஏறினேன். முழங்கால் ஏசியது. மேல் வரிசையில் இரண்டு தேயிலைச் செடிகள் கொப்பும் கொப்பும் பின்னி, கை நுழையாமல் இருக்கும். அங்கே ஒவ்வொரு முறையும் சேலை கிழியும், அதனால் மறக்கவில்லை. இன்று அவற்றுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. களைச் செடியை விலக்கினால் கீழே மண் வாய் பிளந்து கிடக்கிறது. குச்சியை விட்டேன். முழங்கை வரை போயும் அடி தட்டவில்லை. வெடிப்போடு நடந்தேன். முப்பத்தொரு செடி நீளம்.

எத்தனை நாளாக இப்படி? நாங்கள் கீழே தூங்கிக்கொண்டிருக்கிறோம்.

மே 26

அனோஜா ஆட்களோடு வந்து வெள்ளை முளை அடித்தாள். பெருமழை பெய்தால் அந்தத் துண்டு இறங்கிவிடுமாம். எங்கள் இரண்டு லயமும் அதன் வழியில். "எப்ப?" என்றேன். "தெரியாது பாட்டி" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது பிடித்திருந்தது.

மே 28, புதன்

இன்று ஒத்திகை. மணி அடித்தால் எதிர்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும் என்று முதல் நாளே வீடு வீடாகச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்குப் பெரட்டுக்களத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடித்தார்கள். காலையில் பேர் போட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதும் அந்த மணியால்தான்.

ஒருத்தர் பாக்கியில்லாமல் பெரட்டுக்களத்துக்கு இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். கீழ் லயத்து மூக்கன் கவ்வாத்துக் கத்தியோடு. மேல் லயத்து சண்முகவடிவு தலையில் கூடையோடு.

"ஏன் இங்க வந்தீங்க?" என்று அனோஜா கேட்டாள். அழப்போகிற முகம்.

"மணி அடிச்சா பெரட்டுக்கு வராம எங்கம்மா போறது?" என்றான் மூக்கன்.

ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். நேர் மேலே அந்த வெள்ளை முளைகள். வேலையை விட்டு எட்டு வருசமாகிறது, நானும் வந்து நிற்கிறேன். வெடிப்பைக் கண்டுபிடித்தவளே நான். எனக்கு என்ன கேடு? யோசிக்கவே இல்லையே, கால் தானா வந்துருச்சே.

மே 29

வேறு சத்தம் வேண்டும். தப்பு அடித்தால் யார் செத்தது என்று சாவு வீட்டைத் தேடிப் போவார்கள். கோயில் ஸ்பீக்கர் போட்டால் பூசை என்று மாரியம்மன் கோயிலுக்கு இறங்குவார்கள், அதுவும் பள்ளத்தில். விசில் ஊதினால் பந்து விளையாட்டு என்று திரும்பியும் பார்க்க மாட்டார்கள். எந்த இடத்துக்கும் சொந்தமில்லாத சத்தம் ஏதாவது இருக்கிறதா? காலையிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

மே 30, வெள்ளி

இருபத்தாறு. வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு கணேசமூர்த்தியிடம் போய், வேறு சத்தம் வேண்டும் என்று சொன்னேன். "ரெண்டு தடவை ஒத்திகை வச்சா பழகிடும் பாட்டி, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். ரெண்டு தடவையாம். நாற்பது வருசப் பழக்கம் ரெண்டு தடவையில் போய்விடுமாம். இதையும் நான் மறக்க மாட்டேன்.

பொம்பளை ஆட்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னால் கேட்பார். அவர்களுக்குத் தலைவி சண்முகவடிவு. அவளோடு நான் பேசிப் பத்தொன்பது வருசம். கொழுந்துக்கு அடியில் எடைக்காக முத்தல் இலை வைத்திருக்கிறேன் என்று அன்றைக்கு இருந்த கண்டாக்கிடம் சொல்லி எனக்கு அரைப்பேர், பாதி நாள் சம்பளம் ஆக்கினவள். முத்தல் இலை இருந்தது என்பது வேறு விஷயம்.

ஜூன் 1, ஞாயிறு

ஊற்றுப் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "சண்முகவடிவு" என்றேன்.

குடம் நிறைந்து வழிந்தது. திரும்பவில்லை. "யாரைக் கூப்புடுறாங்களோ."

"இங்க வேற யாருக்கு அந்தப் பேரு?"

"பத்தொன்பது வருசங் கழிச்சு வாய் தொறந்திருக்கு. மழை கொட்டத்தான் போவுது."

மணி விஷயத்தைச் சொன்னேன். குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "அன்னைக்கு நீங்களுந்தானே வந்து நின்னீங்க, அக்கா?"

"நின்னேன். அதான் சொல்றேன்."

குடத்தை இறக்கி வைத்தாள். வேறு சத்தத்துக்கு நான் யோசித்ததையெல்லாம் சொன்னேன். "சத்தத்தை ஏன் மாத்தணும்?" என்றாள். "மணியைத் தூக்கிட்டுப் போய் பள்ளிக்கூடத்துல கட்டிட்டா? தெனம் அங்கயே பெரட்டு வச்சா, காலு அங்க போவும்ல."

மூன்று நாள் சோற்றைக் கருக்கி யோசித்தது நான். தோன்றியது அவளுக்கு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சல்.

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததும் கண்டாக்கு பெரட்டுக்களத்துக்கு வந்தால் மணியும் இல்லை, ஆளும் இல்லை. மேட்டிலிருந்து மணிச் சத்தம். செக்ரோல் பேர்ப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"யாரைக் கேட்டு மணியைக் கழட்டுனீங்க?"

"மழை விடுற வரைக்கும் பேரை இங்கயே போடுங்க ஐயா" என்றாள் சண்முகவடிவு. "எறங்கச் சொன்னா நாங்க எறங்க மாட்டோம். கொழுந்து முத்திப்போவும், நீங்கதான் பதில் சொல்லணும்."

பேர் போட்டார்.

ஜூன் 9

முப்பத்தெட்டு. காலையில் மணி அடித்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். பாதி வழியில்தான் கவனித்தேன், மேட்டுப்பக்கம் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

மஞ்சள் தாண்டிவிட்டது. பீலித்தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி வருகிறது.

ஜூன் 14, சனி

நேற்று எழுத முடியவில்லை. பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் சிவப்பைத் தொட்டது. அனோஜாவுக்குச் சொன்னேன், சுதாகரன் ஓடிப்போய் மணியடித்தான். மழையில் முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை, சத்தம் மட்டும் மேட்டிலிருந்து வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஏறினோம். நாலு மணிக்கு மலை இறங்கியது. ரயில் போகிற மாதிரி இருக்கும் என்பார்கள். இல்லை, யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. கீழ் லயத்தில் ஆறு வீட்டுக் காம்பரா இல்லை. பெரட்டுக்களத்தின் கூரை மட்டும் சேற்றுக்கு மேலே தெரிகிறது. மூக்கனுடைய ஆடுகள் போய்விட்டன.

இன்று காலை கண்டாக்கு பள்ளிக்கூடத்தில் செக்ரோலை வாசித்தார். அதில் கிழவிகள் பேர் இல்லை, பிள்ளைகள் பேர் இல்லை. எங்களை அனோஜா தனியாக எழுதினாள். ஒவ்வொரு பேருக்கும் "இருக்கேங்க" என்று குரல் வந்தது. சண்முகவடிவு பேருக்கு மட்டும் வரவில்லை. கண்டாக்கு மறுபடியும் கூப்பிட்டார். அவள் கடைசி வகுப்பறையில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். தகரத்தில் மழை, அவளுக்குக் கேட்கவில்லை.

"இருக்காங்க" என்றேன்.