தானாகப் போனால் போதும்

மார்ச் 6

இன்று பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பொய் சொல்லிவிட்டேன். பொய் என்று எனக்கே தெரியாது, அதுதான் வெட்கம்.

மீசை இன்னும் முளைத்து முடிக்காத சின்ன டாக்டர் கேட்டான்: "வெளிக்கு தினமும் போறீங்களாம்மா?"

"தினமும் போறேனே."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

எதற்கு வந்தேன்? விடிந்ததும் இஞ்சி, மிளகாய் அரைத்த தண்ணீரை அந்த ரப்பர் குமிழில், பென்டுவாவில், நிரப்பி நாத்தனார் செர்வா பின்னால் பீச்சிவிடுவாள். அதற்கும் மசியாது. முன்பக்கம் விரலை விட்டு அழுத்தினால்தான் இறங்கும். விரலைப் பற்றி அந்தப் பையனிடம் எப்படிச் சொல்ல? பென்டுவாவைச் சொல்லத் தோன்றவே இல்லை. எங்கள் குமாசி ஊரில் அது பல் விளக்குவது மாதிரி. பல் விளக்குவதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

புழு மாத்திரை எழுதிக் கொடுத்தான்.

மார்ச் 9

புழு இருந்திருந்தால் செத்திருக்கும். நான் அப்படியேதான் இருக்கிறேன்.

மார்ச் 20

மறுபடியும் போனேன். இந்தத் தடவை பெரிய டாக்டர் அசிபே. பெண்பிள்ளை, நம் ஊர்க்காரி.

"பென்டுவா போடாம கடைசியா எப்போ போனீங்க?"

யோசித்தேன். கடைசிப் பையன் பிறப்பதற்கு முன்னால். அவனுக்கு இப்போது தாடி.

"பிள்ளைங்களைப் பெத்ததுல முன்வழிக்கும் பின்வழிக்கும் நடுவுல இருக்குற சுவர் தொங்கிப்போச்சும்மா. நீங்க முக்குறப்ப வெளிய போக வேண்டியது அந்தப் பள்ளத்துல போய் உக்காந்துக்குது."

"வாடகை குடுக்காமலா?"

சிரித்துவிட்டாள். விரலைப் பற்றியும் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. "நிறைய பேர் அப்படித்தாம்மா செய்றாங்க. யாரும் சொல்றதில்ல." நிறைய பேரா! தேவாலயத்தில் முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் சீமாட்டிகளை ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருத்தியாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 28

பரிசோதனையாம். வெள்ளைக் கஞ்சியைப் பின்வழியாக ஏற்றி, எக்ஸ்ரே மெஷின் நடுவில் ஓட்டை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம்.

"முக்குங்கம்மா!"

"இத்தனை பேர் பாக்குறப்ப எம்புருஷனுக்குப் பேச்சே வராது தம்பி. இது எப்படி வரும்?"

படத்தில் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. மீசை முளைக்காத அந்தச் சின்ன டாக்டரும் அங்கே இருந்தான். "புழு எங்க இருக்கு, கொஞ்சம் காட்டுப்பா" என்றேன். தரையைப் பார்த்தான். பாவம்.

ஏப்ரல் 17

ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. சுவரைத் தூக்கித் தைப்பார்களாம். தைத்த பிறகு பென்டுவா பக்கமே போகக் கூடாது, முனை இடித்தால் தையல் பிரியும் என்றாள் அசிபே. எல்லோருக்கும் சரியாகும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் அம்போன்சா கேட்கிறார்: "அங்கல்லாமா தைப்பாங்க?"

"உங்க வாயையும் சேத்துத் தைக்கச் சொல்லவா?"

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். கத்திக்குப் பயமில்லை. இத்தனையும் செய்து பழையபடி விரலோடு உட்கார வேண்டியிருந்தால்?

மே 11

தைத்தாயிற்று. இருமினால் உயிர் போகிறது. சிரித்தால் அதைவிட. நல்லவேளை, பார்க்க வந்தது செர்வா.

மே 15

வீட்டுக்கு வந்தாச்சு. இன்னும் போகலை. வயிறு கல்லு மாதிரி கெடக்கு.

செர்வா வந்து நின்னா, கையில பென்டுவா. மிளகாய் நெடியில எனக்குத் தும்மலே வந்துடுச்சு. தும்மினேன் - ஐயோ.

"விஷம் ஏறி செத்துருவ. திரும்பிப் படு டுஃபியே!"

"தையல் பிரிஞ்சுரும் அண்ணி. டாக்டர் சொன்னாங்க."

"டாக்டரு! அவளே பென்டுவாவுல வளந்தவதான்."

அது என்னவோ நிஜம். பாதி திரும்பிட்டேன். ஒரு பீச்சு பீச்சினா முடிஞ்சுதுன்னு தோணுச்சு. ஆமா, முடிஞ்சுதான் போகும், தையலும் சேந்து. என்ன பொம்பளை நான்?

அப்போ அம்போன்சா வாயைத் திறந்தாரு: "அக்கா, அவ உடம்பு அது. விடு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்காவுக்கு எதிராக அவர் சொன்ன முதல் வார்த்தை. எனக்காக நகை நட்டு விஷயத்தில் பேசியிருக்கலாம். இதற்குப் போய்ப் பேசினார். அழுகை வந்துவிட்டது.

மே 17

வந்தது. ஆனால் இளக்குகிற மருந்தின் தயவில். "மருந்தை நிறுத்தின பிறகு தானா போகணும். அதுதான் பரீட்சை" என்கிறாள் அசிபே.

ஜூன் 22

மருந்து நிறுத்தியாகிவிட்டது. இன்னும் ஒன்றும் இறங்கவில்லை. செர்வா என்னையும் பென்டுவாவையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

ஜூன் 24, சனி

செர்வா வீட்டுக்காரருடைய மாமாவின் சாவுச் சடங்கு. துக்கத்துக்குரிய சிவப்பும் கறுப்பும் கட்டிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தேன். மேளம் உச்சத்தில் இருந்தபோது வயிறு கூப்பிட்டது. சாவு வீட்டுக் கழிப்பறைக்குள் ஓடினேன். அசிபே சொல்லிக் கொடுத்த மாதிரி காலடியில் ஒரு செங்கல்லைப் போட்டு, முக்காமல், மூச்சை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மிளகாய் இல்லை. விரல் இல்லை. தானாகப் போயிற்று.

எழுந்திருக்க மனமே வரவில்லை. வெளியே செர்வா கதவை இடித்தாள்.

"டுஃபியே! உசுரோடதான இருக்க? இன்னைக்கு ஒரு சாவு போதும்டி!"

இரண்டாவது இடிக்குக் கீல் கழன்று கதவு விழுந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பெரியவர்கள். உட்கார்ந்தபடியே, எங்கள் ஊர் முறைப்படி வலது கோடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னேன். அவர்களும் சொன்னார்கள். செர்வா கதவைத் தூக்கி, பழைய இடத்திலேயே சாத்தி வைத்தாள்.