அடங்கு என்னும் சேதி

நாள் 41, காலை
செவ்வாய், வடதுருவத் துளையிடு நிலையம். பதிவு: மருத்துவர் ரெபேக்கா. இங்கே என்னையும் துளையிடும் பொறியாளர் இசக்கியப்பனையும் தவிர யாருமில்லை. இன்று அவருக்குச் சோதனை மருந்தின் முதல் ஊசி. செல்லுக்குள் ‘அடங்கு’ என்ற சேதியைக் கொண்டுபோகும் ஜி-ஐ புரதத்தை இது பூட்டிவிடும். பிரேக் இல்லாத உடல் சோர்வில்லாமல் ஓடும் என்பது தலைமையகத்தின் கணக்கு.

நாள் 44, மாலை
நாடித்துடிப்பு 118. செல்லை முடுக்கிவிடும் சைக்ளிக் ஏஎம்பி இரு மடங்கு. துளையிடும் தளத்திலிருந்து வானொலியில் இசக்கியப்பன்: “டாக்டரம்மா, ஒடம்பு எலவம்பஞ்சா இருக்கு. இன்னொரு ஷிப்டும் பாத்துட்டே வாரேன்.”

நாள் 46, நண்பகல்
துளைக்குழாய் சரிந்து அவருடைய வலது காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டேன். மயக்க மருந்தும் மரப்பு ஊசியும் அறுவைக்கே தீர்ந்தன. மார்ஃபின் நிறைய இருக்கிறது.

நாள் 46, மாலை
மார்ஃபினுக்கு வலி கேட்கவில்லை. இரு மடங்கு கொடுத்தும் கேட்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. மார்ஃபின் செல்லின் கதவைத் தட்டும், அவ்வளவுதான். வலியை அடக்கும் சேதியை உள்ளே கொண்டுபோவது நாங்கள் பூட்டிய அதே புரதம். செல் அந்தப் புரதத்தைப் புதிதாகச் செய்துகொள்ளும்வரை வழியில்லை.
தலைமையகம்: “அரிய தரவு. வலியின் அளவைப் பதிவு செய்யவும்.”

நாள் 49
கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. சிகிச்சை அறையின் இன்டர்காமில் கேட்டார்: “தாயி, மருந்து போட்டியளா, வெறுந் தண்ணியா? எம்மேல என்ன கோவம்?”


நாள் 52
மார்ஃபின் பிடித்துவிட்டது. புதுப் புரதம் வந்திருக்கிறது. தூங்குகிறார். அவர் குறட்டையைக் கேட்டு அழுதேன்.
தலைமையகம்: “நன்று. சோதனை மருந்தை மீண்டும் செலுத்தி, விளைவு திரும்புகிறதா என்று பார்க்கவும். அந்த அறிக்கை கிடைத்த பிறகே மீட்புக் கலம் புறப்படும்.”

நாள் 53
முடியாது என்று அனுப்பினேன். பதிலே இல்லை. கலம் வராவிட்டால் காற்று அடுத்த ஆண்டைத் தாண்டாது. இரண்டு பேருக்கும்தான்.

நாள் 54
போட்டுவிட்டேன்.
மார்ஃபின் என்று நினைத்து அவரே கையை நீட்டினார். ஊசி இறங்கும்போது “நல்லாருக்கணும் தாயி” என்றார்.

நாள் 55
விளைவு திரும்பியது: மார்ஃபின் மறுபடி பிடிக்கவில்லை. அறிக்கை அனுப்பினேன்.
தலைமையகம்: “கலம் புறப்பட்டது. பயணம் ஏழு மாதம். அதுவரை வாரம் ஒரு ஊசி தொடரவும்.”
மறுத்து எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. எழுந்துபோய் சோதனை மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
ஏழு மாதத்துக்கும் போதுமான அளவு இருக்கிறது.